இருபத்தைந்து மீட்டர்

மே 21, செவ்வாய்

குளியலறையில் சலவை இயந்திரத்தின் மேல் ஏறி இருந்து எழுதுகிறேன். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். எங்கள் வீட்டில் பூட்டக்கூடிய கதவு இது ஒன்றுதான்.

இது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் கொப்பி. முன்பக்கத்தில் கட்டுரைகள். பின்பக்கத்திலிருந்து இது. தமிழில் எழுதுவதற்குக் காரணம் தங்கை மெலனி. எட்டு வயது. இத்தாலியனில் எழுதினால் வாசித்து பஸ் முழுக்கச் சொல்லிவிடுவாள். தமிழில் அவள் "ஆடு", "இலை"யைத் தாண்டவில்லை.

இன்று இரண்டு பொய் சொன்னேன்.

முதல் பொய் பள்ளிக்கூடத்துக்கு. ஜூன் 6ஆம் திகதி எங்கள் வகுப்பு பாய்க்கப்பலில் போகிறது. பலெர்மோவின் அரெனெல்லாத் துறையில் ஏறி, கரையோரமாகப் போய், காப்போ காலோ மலையடியில் நங்கூரம் போட்டு, கடலில் குளித்து, சாப்பிட்டு, பின்னேரம் திரும்புவது. அதற்கு ஒரு படிவம் தந்தார்கள். அதில் ஒரு கேள்வி: "உங்கள் பிள்ளை உதவியில்லாமல் இருபத்தைந்து மீட்டர் நீந்துவாரா?" பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு பெட்டிகள். நான் "ஆம்" பெட்டியில் புள்ளடி போட்டேன்.

எனக்கு ஒரு மீட்டர்கூட நீந்தத் தெரியாது.

எல்லாம் வீத்தோவால் வந்தது. வகுப்பில் எனக்குப் பின்னால் உள்ள வாங்கில் இருக்கிறான். அவன் பேசுவது இத்தாலியன்தான், ஆனால் எனக்கு எழுத வருவது எங்கள் வீட்டுத் தமிழ்.

"உங்கட ஆக்கள் மொண்டெல்லோக் கடற்கரைக்கு வந்தா உடுப்போட நிழலில இருந்து சோறுதானே சாப்பிடுறவை? நீ என்னத்துக்குக் கப்பலுக்கு வாறாய்?"

"என்ரை அப்பான்ரை ஊர் பாசையூர். யாழ்ப்பாணத்தில மீன்பிடிக்கிற ஊர். நான் ரெண்டு வயசில இருந்து நீந்துறன்."

சொல்லி முடிந்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. மார்த்தினா என் கையைப் பிடித்து, "நீ எனக்குச் சொல்லவேயில்லையே!" என்றாள். அவள் என் சிநேகிதி. அதற்குப் பிறகு "இல்லை" பெட்டி என் கண்ணிலேயே படவில்லை.

இரண்டாவது பொய் அம்மாவுக்கு. எங்கள் வீட்டுக்கு வரும் எல்லாத் தாள்களையும் வாசிப்பது நான்தான். ஏழு வயதிலிருந்து அப்படித்தான். கரண்ட் பில், வைத்தியரின் கடிதம், பள்ளிக்கூடத்து அறிவித்தல் எல்லாம் நான் வாசித்துத் தமிழில் சொல்வேன், அம்மா கையெழுத்து வைப்பா. அம்மாவின் கையெழுத்து தமிழில் இருக்கும். "ஜெயறாணி" என்று எழுதி, கடைசி எழுத்தின் வாலைத் தாளின் கரைவரை இழுத்து விடுவா.

"என்னவாம்?" என்று கேட்டா.

"துறைமுகத்தில ஒரு பாய்க்கப்பல் பாக்கப் போறமாம்."

"தண்ணிக்குள்ள இறங்கிறேல்லையோ?"

"இல்லையம்மா. கயித்தால கட்டியிருக்கிற கப்பல்."

"வடிவாக் கட்டியிருக்கோ?"

"ஓம்."

கையெழுத்து வைத்தா. என் காது இரண்டும் சுட்டன. அம்மா எதற்கும் பெரிதாக மறுப்புச் சொல்பவ இல்லை, கடலைத் தவிர. மொண்டெல்லோவில் எல்லோரும் கடலைப் பார்த்து இருந்தால் அம்மா மட்டும் மதிலைப் பார்த்து இருப்பா.

கொப்பியைச் சலவைத்தூள் பெட்டிக்குப் பின்னால் வைக்கப் போகிறேன். அங்கே ஒருவரும் தேட மாட்டார்கள்.

மே 22, புதன்

கைகழுவும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி முகத்தை அமிழ்த்தினேன். பதினொன்று வரை எண்ணினேன். தொட்டி சிறியது. காது வெளியே நிற்கிறது.

மே 24, வெள்ளி

எங்கள் வீட்டு நடையை அடிமட்டம் வைத்து அளந்தேன். குளியலறைக் கதவிலிருந்து குசினிக் கதவு வரை ஏழு மீட்டர். அப்படியென்றால் இருபத்தைந்து மீட்டர் என்பது மூன்று தரமும் இன்னும் கொஞ்சமும். அம்மா கடைக்குப் போனபோது கைகளை வீசிக்கொண்டு அவ்வளவு தூரமும் நடந்து பார்த்தேன். நிலத்தில் மிகச் சுலபம்.

மெலனி கதவுக்குள் நின்று பார்த்துவிட்டாள். "அக்கா, யன்னல் இல்லாத இடத்தில ஏன் யன்னல் துடைக்கிறாய்?"

அப்பா வேலையால் வந்தார். அவர் மீன்கடையில் மீன் வெட்டுகிறார். சனிக்கிழமை வரை கையில் அந்த மணம் இருக்கும். "பாசையூரில அலை வந்தா தென்னை உசரம் வரும். அதுக்குள்ளயே நாங்கள் விளையாடினனாங்கள்" என்று மெலனிக்குச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அப்பாவின் இரத்தம் என் உடம்பில் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ தெரியவில்லை.

இன்று இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அம்மா வியாழக்கிழமைகளில் துப்புரவு வேலைக்குப் போகும் வீடு அட்டவுராவில் இருக்கிறது. கடற்கரை வீதி, மூன்றாம் மாடி. அரெனெல்லாவிலிருந்து காப்போ காலோவுக்குப் போகிற கப்பல் அந்த மாடிக்கு நேர் முன்னால்தான் போகவேண்டும். ஜூன் 6 வியாழக்கிழமை.

பள்ளிக்கூடக் காவலாளி பீனா அம்மாள் இன்று படியில் என்னை நிறுத்தி, "உன்ரை அம்மாவுக்கு என்ன கூந்தலடி! இடுப்புக்குக் கீழ! என்ன எண்ணெய் பூசுறவா?" என்று கேட்டா. சந்தையில் கண்டிருப்பாபோல. தேங்காய் எண்ணெய் என்றேன்.

மே 25, சனி

குளியலறையில் ஒரு புதிய நீலத் தொட்டி. மெலனியே அதற்குள் இருக்கலாம், அவ்வளவு பெரியது.

"இது என்னத்துக்கம்மா?"

"திரைச்சீலை ஊறப்போட."

எங்கள் வீட்டில் ஒரு திரைச்சீலைதான் இருக்கிறது. எனக்கென்ன, காதுவரை அமிழ்த்த முடிகிறது. இருபத்திரண்டு வரை எண்ணினேன். பிறகு மூக்கால் தண்ணீர் ஏறி, சாகப்போகிறேன் என்று நினைத்தேன். கடல் இந்தத் தொட்டியைவிட எத்தனை மடங்கு என்று யோசிக்காமல் இருக்க முயல்கிறேன்.

மே 26, ஞாயிறு

இன்று நடந்ததை நம்ப முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் நாங்கள் பெல்லெக்ரினோ மலையேறி சாந்தா றொசாலியாவின் குகைக்கோவிலுக்குப் போவோம். பலெர்மோத் தமிழரில் பாதிப்பேர் அந்த வழியில் நடப்பார்கள். வேதக்காரரும் வருவார்கள், சைவக்காரரும் வருவார்கள். காய்ச்சல் என்றால்கூட அம்மா விடமாட்டா. இன்று காலை செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றபோது அம்மா சொன்னா, "இண்டைக்குக் கடலுக்குப் போவம். மெலனிக்கு நீச்சல் பழக்கவேணும்."

அப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே நின்றார். "ஜெயா, கோவில்?"

"றொசாலியாத் தாய் மலையிலதானே இருக்கிறா. அங்க இருந்து எங்களைப் பாக்கட்டும்."

"நீர்… கடலுக்கோ?"

"ஓம், நான்தான். வெளிக்கிடுங்கோ."

மொண்டெல்லோவில் அம்மா சோட்டிச் சட்டையோடும் அதற்குக் கீழே காற்சட்டையோடும் இறங்கினா. முழங்கால்வரை போய் நின்றா. உதடு அசைந்தது. செபமோ என்னவோ. பிறகு இருந்தா, படுத்தா, கூந்தல் கறுப்புப் பாசிபோல் சுற்றிவரப் பரவியது. அம்மா தண்ணீருக்கு மேல் அசையாமல் கிடந்தா.

அம்மாவுக்கு மிதக்கத் தெரியும் என்று எனக்குப் பன்னிரண்டு வயதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

மெலனிக்குச் சொல்லிக்கொடுத்தா, ஆனால் கரையில் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற சத்தத்தில். "காதைத் தண்ணிக்குள்ள விடு! காதை விட்டாத்தான் தலை பாரமில்லாமல் கிடக்கும்! வயித்தை வானத்துக்குக் காட்டு! தண்ணியோட சண்டை பிடியாதை!"

"அம்மா, நான் பக்கத்திலதான் நிக்கிறன், ஏன் கத்துறீங்கள்?" என்றாள் மெலனி.

நான் கொஞ்சம் தள்ளி நின்று களவாகக் கேட்டு, களவாகச் செய்து பார்த்தேன். மூன்று தரம் தண்ணீருக்கு அடியில் தாண்டுபோனேன். நாலாம் தரம் இரண்டு வினாடி கிடந்தேன். அம்மா என் பக்கம் திரும்பவேயில்லை. நல்ல காலம்.

அப்பா இறங்கவில்லை. காற்சட்டையைக் கணுக்கால்வரை மடித்துக்கொண்டு செருப்புகளுக்குக் காவல் நின்றார். "பாசையூர்க் கடலோட பாத்தா இது கிணறு. இதுக்குள்ள எனக்கு என்ன வேலை?"

மே 29, புதன்

வகுப்பில் இருக்கும்போது கால் விரலெல்லாம் குளிர்கிறது. வீத்தோ எனக்குப் பெயர் வைத்திருக்கிறான்: சூரைமீன். நான் நீந்துவதைப் பார்க்க ஆசையாம். இன்னும் எட்டு நாள்.

ஜூன் 2, ஞாயிறு

இன்றும் கோவில் இல்லை, கடல். அப்பாவுக்கு முதுகு நோவாம். பாவம், கடலுக்குப் போகிற நாளில்தான் அவருக்கு முதுகு பிடிக்கிறது. கரையில் இருந்து தர்ப்பூசணி வெட்டினார்.

மெலனி இரண்டாம் நாளிலேயே தவளைபோல் ஆகிவிட்டாள். அம்மா அவளை அப்பாவிடம் அனுப்பிவிட்டு என்னைப் பார்த்து, "நீயும் கிடந்து பாரன், சும்மா" என்றா. கிடந்தேன். அம்மாவின் கை முதுகுக்குக் கீழே இருந்தது. பிறகு பார்த்தால் அம்மா ஒரு பாகம் தள்ளி, கைக்கெட்டாத தூரத்தில் நின்று கூந்தலைப் பிழிந்துகொண்டிருந்தா.

"ஆர் என்னைப் பிடிச்சிருக்கினம்?" என்று கத்தினேன்.

"தண்ணி."

பிறகு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தோம். அம்மா வானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னா, "கிளாலியிலயும் இப்பிடித்தான் தூக்கி வைச்சிருந்தது. விடியுமட்டும்."

காது தண்ணீருக்குள் இருந்ததால் சரியாகக் கேட்டேனா என்று தெரியவில்லை. எழும்பி, "கிளாலியோ? அது என்னம்மா?" என்றேன்.

"நாங்கள் சண்டை நேரம் ராவில வள்ளத்தில கடந்த கடல். எனக்கு அப்ப பதினாலு." அம்மா முகத்தைத் துடைத்தா. "வா, சோறு ஆறுது."

சோற்றைச் சாப்பிட்டோம், உடுப்போடு, நிழலில், வீத்தோ சொன்ன மாதிரியே. ஆனால் இன்று அம்மா கடலைப் பார்த்து இருந்தா.

எனக்கு இப்போது மிதக்கத் தெரியும். நீந்தத் தெரியாது. மிதந்துகொண்டு இருபத்தைந்து மீட்டர் போகலாமா? யாரிடம் கேட்பது?

ஜூன் 3, திங்கள்

கப்பல் ஓட்டும் லொரெதானா வகுப்புக்கு வந்து விளக்கம் சொன்னா. வெயிலில் காய்ந்த முகம், ஆண்களைப்போல் வெட்டிய தலைமயிர், பெரிய சிரிப்பு. கப்பலில் எல்லோரும் செம்மஞ்சள் மிதவைச் சட்டை போடவேண்டுமாம். நங்கூரம் போட்ட பிறகு, படிவத்தில் "ஆம்" என்று போட்டவர்கள் மட்டும் அதைக் கழற்றிவிட்டுக் குதிக்கலாமாம். "பெயர்கள் என்னட்டை இருக்கு" என்று ஒரு கோவையைத் தட்டினா. பிறகு வகுப்பைச் சுற்றிப் பார்த்தா. என்னில் கண் கொஞ்சம் அதிகமாக நின்றதுபோல் இருந்தது. பயத்தில் அப்படித் தோன்றியிருக்கும்.

ஜூன் 5, புதன்

நாளைக்கு.

அம்மா பின்னேரம் முழுக்க மீன் றோல்ஸ் பொரித்தா. இருபத்தைந்து. "கட்டியிருக்கிற கப்பலுக்கு ஏனம்மா இவ்வளவு?" என்று கேட்டேன். "கப்பல் கட்டியிருந்தாலும் பிள்ளையளுக்குப் பசிக்கும்தானே?" என்றா. பிறகு என் பையில் துவாய் ஒன்று வைத்தா. "வேர்க்கும்."

காய்ச்சல் என்று படுக்கலாமா என்று யோசித்தேன். வெப்பமானியைத் தேத்தண்ணிக்குள் வைத்தேன். நாற்பத்திரண்டு காட்டியது. செத்துப்போனவர்களுக்குத்தான் அவ்வளவு இருக்கும். கழுவி வைத்துவிட்டேன்.

ஒரு வசனம் பாடமாக்கி வைத்திருக்கிறேன்: "எனக்குக் காது வலிக்கிறது, இன்றைக்குத் தண்ணீரில் இறங்கக்கூடாது." மார்த்தினா நம்புவாள். வீத்தோ நம்பமாட்டான். ஆனாலும் உயிரோடு இருப்பேன்.

வீத்தோ தள்ளிவிட்டால்? அவன் எல்லோரையும் தள்ளுவான். இந்த ஒன்றை நினைத்தால் எழுத்தும் கோணலாகப் போகிறது. சாந்தா றொசாலியா, இரண்டு ஞாயிறு உம்மிடம் வரவில்லை, கோபிக்காதேயும்.

ஜூன் 6, வியாழன்

உயிரோடு இருக்கிறேன். ஒழுங்காக, முதலிலிருந்து எழுதப்போகிறேன்.

காலையில் கடல் நீலம் போட்டு அலசின துணியைப்போல் இருந்தது. இரண்டு கப்பல்கள், பத்துப் பத்துப் பேர். நானும் மார்த்தினாவும் வீத்தோவும் லொரெதானாவின் கப்பலில். துறையைத் தாண்டும்வரை எந்திரம் இருமிக்கொண்டு வந்தது. பிறகு லொரெதானா அதை நிறுத்திவிட்டு, "இழுங்கோ!" என்றா. நாங்கள் நாலுபேர் கயிற்றை இழுக்க, பாய் படபடவென்று அடித்து, காற்றைப் பிடித்து, பேசாமல் நிமிர்ந்து நின்றது. சத்தமெல்லாம் ஒரேயடியாக நின்றுபோனது. தண்ணீர் மட்டும் கப்பலின் பக்கத்தில் கதைத்துக்கொண்டு வந்தது. எனக்குப் பயம் மறந்துபோனது. பத்து நிமிடம் இருக்கும்.

பிறகு அட்டவுரா வந்தது.

மூன்றாம் மாடியைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். அங்கே ஒரு பெண் வெள்ளைப் படுக்கைவிரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். நான் வீத்தோவின் முதுகுக்குப் பின்னால் குந்தினேன்.

"என்னடி சூரைமீன், சத்தி வருதோ, கடல் ஒத்துக்கொள்ளேல்லையோ?"

"அசையாதை. அப்பிடியே இரு."

"ஏன்?"

"வெயில்."

அந்தப் பெண் விரிப்பைக் கொடியில் போடவேயில்லை. இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள். அது காற்றில் புடைத்து இன்னொரு பாய்போல் இருந்தது. மார்த்தினா, "அந்த மனிசி அந்த வீட்டையே ஓட்டிக்கொண்டு போகப்போறா!" என்று சிரித்தாள். ஒரு விரிப்பை உதற இவ்வளவு நேரம் யாருக்கும் தேவையில்லை. நான் வீத்தோவின் முதுகில் இருந்த எழுத்துகளையே வாசித்துக்கொண்டு இருந்தேன், மாடி பின்னால் போகும்வரை.

காப்போ காலோ மலை தண்ணீருக்குள்ளிருந்து நேராக எழும்பி நிற்கிறது. அதன் அடியில் நங்கூரம் போட்டோம். கீழே மணலில் அது விழுந்து கிடப்பதும், அதன் சங்கிலியைச் சுற்றிச் சின்ன மீன்கள் விசாரிக்க வந்ததும் தெரிந்தது. அவ்வளவு தெளிவு. அவ்வளவு ஆழம்.

லொரெதானா கோவையைத் திறக்கவில்லை. "சட்டை கழட்டுறவை கழட்டலாம்" என்றா, அவ்வளவுதான். வீத்தோ கழற்றி எறிந்துவிட்டுக் கத்திக்கொண்டு குதித்தான். பிறகு ஒவ்வொருவராக. மார்த்தினா கீழேயிருந்து, "வா ஜெனிற்றா! குளிரேல்லை! வா!" என்றாள். வீத்தோ, "சூரைமீன்! சூரைமீன்!" என்று தண்ணீரை அடித்தான்.

நான் ஏணிக்குப் பக்கத்தில் நின்றேன். கை மிதவைச் சட்டையின் கொளுக்கியில் இருந்தது. கழற்றினால் போதும், கால் வழுக்கினால் போதும். காதுவலி வசனம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. லொரெதானா ஒன்றும் கேட்காமல் கயிறு சுற்றிக்கொண்டு நின்றா. அவசரப்படுத்தவும் இல்லை.

மூச்சு எடுத்து வாயைத் திறந்தேன். வேறு வசனம் வந்தது.

"எனக்கு நீந்தத் தெரியாது. மிதக்க மட்டும்தான் தெரியும். படிவத்தில பொய் போட்டனான்."

லொரெதானா கயிற்றை வைத்தா. கோபிக்கவில்லை. கோவையைத் திறந்து என் படிவத்தை எடுத்துக் காட்டினா. நான் போட்ட "ஆம்" வெட்டப்பட்டிருந்தது. "இல்லை" பெட்டியில் புள்ளடி. பக்கத்தில் மே 23 என்று திகதி. அதற்கும் பக்கத்தில், தாளின் கரைவரை வால் இழுத்த ஒரு கையெழுத்து.

"உன்ரை அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போய் இதை மாத்தினவா. பிறகு ரெண்டு பஸ் மாறி என்னட்டையும் வந்தவா" என்றா லொரெதானா. "ஒரு சின்னத் துண்டைப் பாத்துப் பாத்து வாசிச்சவா. வாசிச்சது இத்தாலியன், ஆனா துண்டில இருந்தது உங்கட எழுத்து."

"என்ன வாசிச்சவா?"

"'பிள்ளை தானாச் சொல்லுவாள். பொறுங்கோ. சொல்லாட்டி மட்டும் சட்டையைக் கழட்ட விடாதேங்கோ.' ரெண்டு தரம் வாசிச்சவா, எனக்கு விளங்கினதோ எண்டு பாக்க."

அம்மாவுக்கு அந்தப் படிவத்தை வாசிக்கத் தெரியாது. அதில் என்ன இருந்தது என்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஓரிடத்தில் எழுதி மட்டும்தான் வைத்தேன். அந்த நேரத்தில்தான், நடுக்கடலில் நின்றுகொண்டு, எங்கள் வீட்டில் சலவைத்தூள் பெட்டியைத் தினம் எடுப்பது யார் என்று முதன்முதலாக யோசித்தேன்.

நீலத் தொட்டி. பீனா அம்மாளின் கேள்வி. மெலனிக்குச் சொன்ன அந்தப் பெரிய சத்தம். நான் ஒரு மடைச்சி.

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தால் மூக்குத்தான் ஒழுகுகிறது. லொரெதானா, "இப்ப இறங்குவமோ?" என்றா. சட்டையோடு ஏணியால் இறங்கினேன். அவவும் என்னோடு இறங்கினா. கொஞ்ச நேரம் கழித்து, "கழட்டிப் பாப்பமோ? பக்கத்தில நிக்கிறன்" என்றா. கழற்றிக் கொடுத்தேன். காதைத் தண்ணீருக்குள் விட்டேன். வயிற்றை வானத்துக்குக் காட்டினேன்.

கிடந்தேன்.

காதுக்குள் கடல் பொரிகிற சத்தம் கேட்டது, றோல்ஸ் சட்டியில் கேட்கிற மாதிரி. கப்பலின் பாய்மரம் வானத்தில் மெதுவாகக் கோடு போட்டுக்கொண்டு நின்றது. என்னைப் பிடித்துக்கொண்டு ஒருவரும் இல்லை.

வீத்தோவின் தலை பக்கத்தில் முளைத்தது. "என்ன இது, செத்த மீன் மாதிரி?"

"நீ கிட பாப்பம்."

"இது ஒரு வேலையோ?" படுத்தான். படுத்துக்கொண்டே, "பார், எவ்வளவு சுகம், நான்…" என்று தொடங்கினான், வாயால் தண்ணீர் போய்த் தாண்டான். மறுபடி படுத்தான், மறுபடி கதைத்தான், மறுபடி தாண்டான். மார்த்தினா சிரித்த சிரிப்பில் அவளும் தண்ணீர் குடித்தாள்.

"வாயை மூடவேணும் வீத்தோ."

"அது என்னால ஏலாது!" என்று இருமினான். பிறகு, "ரெண்டு வயசில இருந்து நீந்துறன் எண்டாய்?" என்றான்.

"பொய். பதினொரு நாளா மிதக்கிறன்."

அவன் ஒரு பெரிய பகிடி விடப்போகிறான் என்று காத்திருந்தேன். அவன் மூக்கைச் சிந்திவிட்டு, "மிச்சத்தை நான் பழக்கிறன். நீ எனக்கு இந்தச் செத்த மீனைப் பழக்கு" என்றான்.

மத்தியானம் எல்லோரும் கப்பலின் மேல்தட்டில் ஈரமாகக் கிடந்தோம். றோல்ஸ் பெட்டியைத் திறக்க வெட்கமாக இருந்தது. வீத்தோ ஐந்து சாப்பிட்டான். "இதுக்குள்ள என்ன?" "மீனும் உருளைக்கிழங்கும்." "உன்ரை அம்மா இதை விக்கிறவாவோ?" "இல்லை." "அப்ப நாளைக்கும் கொண்டு வா." மற்றக் கப்பலுக்கும் கயிற்றில் கட்டி ஐந்து அனுப்பினோம். ஒன்றும் மிஞ்சவில்லை.

திரும்பும்போது லொரெதானா சுக்கானை என் கையில் தந்தா. கப்பல் ஒரு பக்கம் சரிந்துகொண்டு ஓடியது. சுக்கானைப் பிடித்தால் உள்ளங்கையில் கடல் துடிப்பது தெரியும். கொஞ்சம் தள்ளினால் கேட்கும், நிறையத் தள்ளினால் கோபிக்கும். அட்டவுரா வந்தது. நான் குந்தவில்லை. மூன்றாம் மாடியில் ஒருவரும் இல்லை. விரிப்பெல்லாம் காய்ந்ததும் எடுத்துவிட்டார்கள், வெறும் கொடி. ஆனாலும் துவாயை எடுத்துத் தலைக்கு மேலே வீசினேன்.

"ஆருக்கு?" என்றாள் மார்த்தினா.

"அம்மாவுக்கு."

"அங்க ஒருத்தரும் இல்லையே."

"காலமை நிண்டவா."

மார்த்தினாவும் எழும்பித் தன் துவாயை வீசினாள். பிறகு வீத்தோ. பிறகு காரணம் தெரியாமலே எல்லோரும்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. என் தலைமயிர் உப்பில் விறைத்துக் குச்சி குச்சியாக நின்றது. மூக்கு வெயிலில் சிவந்திருந்தது. அம்மா தலையிலிருந்து கால்வரை பார்த்தா.

"றோல்ஸ் காணுமாயிருந்ததோ?"

"ஓம் அம்மா."

"கப்பல் எப்பிடி? வடிவாக் கட்டியிருந்ததோ?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கீரையைப் பார்த்தா.

"ஓம் அம்மா. நல்ல வடிவாக் கட்டியிருந்தது. அசையவேயில்லை."

அம்மாவின் தோள் இரண்டும் குலுங்கத் தொடங்கின. எனக்கும் அடக்க முடியவில்லை. அப்பா அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "கீரையில என்ன பகிடி?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எங்களால் நிறுத்த முடியவில்லை.

அம்மா, நீங்கள் இதை நாளைக்கு வாசிப்பீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னால் மறுபடி சிரிப்பு வந்துவிடும், அதனால் இங்கே எழுதுகிறேன். பொய் சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். இனி எல்லாத் தாளையும் இருக்கிறபடியே வாசிப்பேன். கிளாலியைப் பற்றி நீங்கள் சொல்ல விரும்பும் நாளில் சொல்லுங்கள், நானாகக் கேட்டுத் தொந்தரவு செய்யமாட்டேன். கொப்பியை அதே இடத்தில் வைக்கிறேன்.

ஜூன் 7, வெள்ளி

(இது என் கையெழுத்து அல்ல. இன்று இரவு கொப்பியைத் திறந்தபோது இந்தப் பக்கத்தில் இருந்தது.)

இரண்டு பொய் எண்ணினேன். பொய்க்கு ஏழு நாள்படி இரண்டு கிழமை நீதான் கோப்பை கழுவ வேண்டும். வெப்பமானிக்குச் சேர்த்து இன்னும் மூன்று நாள்.

நான் முதல் நாளே கேட்டிருந்தால் நீ எழுதுவதை நிறுத்தியிருப்பாய். அதனால் கேட்கவில்லை. கப்பலில் நீ சொல்லாமல் விட்டுவிடுவாயோ என்று எனக்கும் பயம்தான். விரிப்பைப் பிடித்துக் கை நொந்துபோனது. வீட்டுக்கார அம்மா வந்து, ஜெயா உனக்கு என்ன பிடித்தது என்று கேட்டா.

கிளாலி நீளமான கதை. ஒரு நாள் இரவில் தண்ணீரில் கிடந்துகொண்டு சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோவில், பின்னேரம் கடல். மூன்று துவாய் போதாது, நான்கு எடுத்து வை. உன் அப்பாவுக்கும் நீந்தத் தெரியாது. அவர் சொல்லமாட்டார், நீயும் கேட்காதே. நாங்கள் மெலனிக்குப் பழக்குவதுபோல் பெரிய சத்தமாகச் சொல்லிக்கொடுப்போம்.

அம்மா